பயந்த சுபாவம், குதிரை ஓட்டக் கத்துக்கிட்டு ஒரு வருஷம்தான் ஆகுது. இங்கிலாந்துல ஷேருக்கு அமைதியான குதிரையை எப்படித் தேடுறது?

நானும் இதே கேள்வியோட அலைஞ்சவதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். 41 வயசுல ஆரம்பிச்சேன். பொண்ணை ரைடிங் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயி வேலியோரம் குளிர்ல நின்னு நின்னு கடைசில நானே ஏறிட்டேன், அவ ஆறு மாசத்துல போரடிக்குதுன்னு விட்டுட்டா, நான் மாட்டிக்கிட்டேன். ஊரு புதுக்கோட்டைப் பக்கம். சின்ன வயசுல நான் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்ததெல்லாம் அய்யனார் கோயில் மண் குதிரைதான், அது நம்மளக் கீழ தள்ளாது.

ஷேர்னா தெரியாதவங்களுக்கு: இங்க குதிரை வச்சிருக்கவங்களுக்கு தினமும் போய்ப் பார்த்துக்க நேரம் பத்தாது, செலவும் ஜாஸ்தி, அதனால வாரத்துல ரெண்டு மூணு நாள் இன்னொருத்தர்கிட்ட விடுவாங்க. அந்த நாள்ல லத்தி அள்றது, தண்ணி வைக்கிறது, புல்லு கட்டுறது எல்லாம் நம்ம வேலை, ஏறிட்டும் வரலாம். நான் வாரம் ரெண்டு நாளுக்கு 30 பவுண்டு குடுக்குறேன். குதிரை எப்பவும் அவங்களோடதுதான்.

முதல்ல நான் ஏமாந்த கதை. விளம்பரத்துல "ஸ்வீட், ஜென்டில், யாரு வேணா ஏறலாம்"னு போட்டிருந்துச்சு. போனா குதிரை ஏற்கெனவே சேணம் கட்டி ரெடியா நிக்குது. கழுத்தைத் தட்டிக் குடுத்தேன், கை ஈரமாச்சு. நான் பாட்டுக்கு குதிரைக்கு இப்படித்தான் வேர்க்கும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஏறினேன், பசு மாதிரி நடந்துச்சு, சரின்னு ஒத்துக்கிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் நல்ல காத்து, குளிரு, அந்தக் குதிரை ரெண்டு நாளா லாயத்துலயே நின்னிருக்கு, நான் வலது கால அங்கவடில மாட்டுறதுக்குள்ள கிளம்பிடுச்சு, வேலில ஒரு பிளாஸ்டிக் பை படபடன்னு அடிச்சுச்சு, அவ்ளோதான், அது ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். முழங்கை வீங்கினதோட போச்சு. தலை தரைல மோதினதால ஹெல்மெட் மட்டும் புதுசு வாங்க வேண்டியதாச்சு (வெளிய விரிசல் தெரியலைன்னாலும் ஒரு தடவை அடி வாங்கின ஹெல்மெட்ட மறுபடி போடாதீங்க). ஓனரம்மா "நீங்க டென்ஷனா இருந்தீங்க, அதான்"னுட்டாங்க. எங்க ரைடிங் டீச்சர்கிட்ட சொன்னதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "நீ பார்க்கப் போன அன்னைக்கு அது வேர்த்திருந்துச்சா?" நான் வர்றதுக்கு முன்னாடியே ஒரு மணி நேரம் ஓட்டிக் களைக்க வச்சிருப்பாங்கன்னு அப்பதான் உறைச்சுது.

அதனால போறதுக்கு முன்னாடியே போன் பண்ணி "குதிரையை வயல்லயே விட்டு வைங்க, நான் வந்தப்புறம் புடிக்கலாம்"னு சொல்லிடுங்க. புடிக்கப் போனா ஓடுதா, கட்டினா சும்மா நிக்குதா, காலத் தூக்கி குளம்பு சுத்தம் பண்ண விடுதா, வயித்து வாரை இறுக்கும்போது காதைப் பின்னால மடக்கிக் கடிக்க வருதா, எல்லாத்தையும் நின்னு பாருங்க. வார் இறுக்கும்போது கடிக்கிறது திமிர்னு நினைச்சுடாதீங்க, பல நேரம் வலி, சேணம் சரியா உக்காராம இருக்கலாம், முதுகுல பிரச்சனை இருக்கலாம், அந்த வலி ஒருநாள் நம்மளத்தான் கீழ தள்ளும். அப்புறம் ஓனர் முதல்ல ஏறிக் காட்டணும். அவங்க குதிரைல அவங்களே ஏற யோசிச்சா டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துடுங்க. முடிஞ்சா டீச்சரைக் காசு குடுத்தாவது கூட்டிட்டுப் போங்க. ரெண்டாவது தடவை வேற மாதிரி ஒரு நாள்ல, நல்லா காத்தடிக்கிற நாளாப் பார்த்துப் போங்க.

கேள்வி கேக்கக் கூச்சப்படாதீங்க. தானமா வந்த மாட்டைத்தான் பல்லப் புடிச்சுப் பார்க்கக்கூடாது, இதுக்கு நாம காசு குடுக்குறோம். கடைசியா எப்ப ஓட்டுனீங்க, ஒரு வாரம் சும்மா விட்டுட்டு ஏறினா எப்படி இருக்கும், வசந்தகாலப் புது புல்லு தின்னா துள்ளுமா, தனியா ரோட்டுக்குப் போகுமா, முன்னாடி ஷேர் எடுத்தவங்க ஏன் விட்டாங்க. இதுல எனக்கு ரொம்ப உதவின கேள்வி "இது பயந்தா என்ன பண்ணும்?"ங்கிறதுதான். பயப்படாத குதிரையே கிடையாது, புலிக்கும் ஓநாய்க்கும் இரையா இருந்த ஜாதி அது, ஓடித்தான் பொழைச்சிருக்கு. சிலது பயந்தா ரெண்டு எட்டு வச்சுட்டு நிக்கும், சிலது அந்தப் பக்கம் ஊரு வரைக்கும் போயிட்டுத்தான் நிக்கும். "எங்க குதிரை எதுக்கும் பயப்படாது"ன்னு சொல்ற ஓனரை நான் நம்புறதில்ல.

விளம்பர பாஷையும் கொஞ்சம் பழகிக்கணும். "ஃபார்வர்ட்"னா உங்களைக் கேக்காம போகும். "கிரீன்"னா அதுக்கே இன்னும் ஒண்ணும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரி போகலாம். "நாட் எ நாவிஸ் ரைட்"னு, அதாவது கத்துக்குட்டிக்கு ஆகாதுன்னு இருந்தா அடுத்ததுக்குப் போயிடுங்க, நம்ம திறமைய நிரூபிக்கிற இடம் அது இல்ல.

வயசான குதிரைன்னு ஒதுக்காதீங்க. 12லேர்ந்து 20க்குள்ள, உலகம் பார்த்த காப் வகைக் குதிரை நமக்கு நல்லது, குட்டையா குண்டா, காலெல்லாம் முடியோட இருக்குமே அது. வயசையும் தடுப்பூசியையும் குதிரையோட பாஸ்போர்ட்ல பார்த்துக்கலாம், இங்க குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். உங்க எடை, சேணத்தோட சேர்த்து, குதிரை எடைல 15லேர்ந்து 20 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. காசு விஷயம், லாடம் அடிக்கிற செலவு யாரோடது, விடணும்னா எத்தனை வாரம் முன்னாடி சொல்லணும், இதெல்லாம் தெரிஞ்சவங்களா இருந்தாலும் எழுதி வாங்கிக்கோங்க. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டில கோல்டு மெம்பரா சேர்ந்தா, குதிரையால மத்தவங்களுக்கு ஏதாவது ஆனா அதுக்கு இன்ஷூரன்ஸ் கூட வரும். ரோடு இப்போதைக்கு வேணாம். 2022 ஜனவரிலேர்ந்து குதிரையத் தாண்டுற கார் 10 மைல் வேகத்துக்கு மேல போகாம 2 மீட்டர் தள்ளிப் போகணும்னு ஹைவே கோடுல (இங்க ரோடு விதிப் புஸ்தகம்) சொல்லியிருக்காங்க, ஆனா எல்லா டிரைவரும் அதைப் படிச்ச மாதிரி தெரியல. இதுக்கெல்லாம் தைரியம் வரலைன்னா உங்க ரைடிங் ஸ்கூல்லயே அவங்க குதிரையை ஷேருக்குக் குடுப்பாங்களான்னு கேளுங்க, சில இடத்துல உண்டு, பக்கத்துல ஆள் இருக்கும்.

இப்ப என்கிட்ட இருக்கிறது 19 வயசு காப், பொட்டக் குதிரை. பேரு பொல்லி, நான் போளின்னு கூப்பிடுறேன், உருவமும் அப்படித்தான். இந்த ஓனர்கிட்ட எதையும் மறைக்கல, விழுந்தது, கேன்டர்னா, அதாவது குதிரை தாவி ஓடினா, கை நடுங்குறது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க "முதல் மாசம் ஏற வேணாம், வந்து தேய்ச்சு விடு, கயித்தப் புடிச்சு நடத்திட்டுப் போ"ன்னாங்க. காசு குடுத்து நாய் மாதிரி நடத்திட்டுப் போறதான்னு உள்ளுக்குள்ள கடுப்புதான். ஆனா ஏறின முதல் நாளே பக்கத்து வயல்ல டிராக்டர் ஸ்டார்ட் ஆச்சு, நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு முட்டிய இறுக்கிட்டேன், அவ தலையத் தூக்கிப் பார்த்தா, காது ரெண்டும் டிராக்டர் பக்கம் திரும்புச்சு, அப்படியே நின்னா. நான் மூச்சு விடுற வரைக்கும் நின்னா. அப்புறம் அவளும் மூக்கு வழியா புர்ருன்னு விட்டுட்டு நடந்தா. பயந்தா நிக்கும்னு ஓனர் சொன்னது அப்படியே நடந்துச்சு.

ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பாக்கெட்டுல கேரட் இருக்குன்னு மோப்பம் புடிச்சா ஜிப்பையே கடிச்சு இழுத்துடுவா, ரெண்டு ஜாக்கெட் போச்சு. அதையும் ஓனர் முதல் நாளே சொன்னாங்க, நான்தான் கேக்கல.