கேளுங்க, சொல்லுறன்: மீன் ஐஸும் ஹொக்கி ஐஸும்

கேள்வி: ரொறன்ரோவில இருக்கிற அண்ணான்ட மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுறான், போன் எடுத்தா கதை முழுக்க அதுதான். உலக சாம்பியன்ஷிப்பில டிவிசன் 3, டிவிசன் 4 எண்டெல்லாம் இருக்காமே, அது என்ன, தோத்த ஆக்களுக்கு ஒரு கப்பா?
(வாசகர், உப்புவெளி)

பதில்: தோத்த ஆக்கள் எண்டு பட்டெண்டு சொல்லிப்போட்டீங்க! மேல 16 நாடு, அதுக்குக் கீழ டிவிசன் 1, 2, 3 மூண்டும் ஏ, பி எண்டு பிரிஞ்சு கிடக்கு, அடியில டிவிசன் 4. குழுவில முதலாவதா வந்தா அடுத்த வருசம் ஒரு படி மேல, கடைசியா வந்தா கீழ. பிரிட்டன் 1994ல மேல்மட்டத்தில ஆடிட்டு இறங்கினது, திரும்ப அங்க போய்ச் சேர 2019 ஆச்சு, 25 வருசம்!

எனக்குப் பிடிச்ச கதை நியூசிலாந்துதான். 1987ல அவுஸ்திரேலியாவில பேர்த்தில நடந்த கடைசிப் பிரிவுப் போட்டியில அவுஸ்திரேலியாவிட்ட 58-0 எண்டு வாங்கினாங்க, ஆட்டமே 60 நிமிசம்தான், அந்த கோல்கீப்பர் அண்டைக்கு ராத்திரி எப்பிடி நித்திரை கொண்டாரோ தெரியா. அதே நியூசிலாந்து 20 வருசம் கழிச்சு, 2007ல ஐயர்லாந்தில டன்டோக் எண்ட ஊரில நடந்த டிவிசன் 3ல முதலாவது!

ஆனா போட்டியை நடத்தின ஐயர்லாந்தின்ட பாடுதான் பாவம். டன்டோக்கில இருந்த அந்த ஐஸ் மண்டபத்தை 2010ல மூடிட்டாங்க. டீம் இருக்கு, ஆடுற ஆக்கள் இருக்கு, ஆடத்தான் இடமில்ல. நாட்டில சரியான அளவில ரிங்க், அதான் ஐஸ் ஹொக்கி ஆடுற ஐஸ் தளம், இல்லையெண்டா உலக சாம்பியன்ஷிப் பக்கமே போகேலாது, அப்பிடிப்பட்ட நாடுகளுக்கெண்டுதான் டெவலப்மென்ட் கப் எண்டு ஒண்டை 2017ல அண்டோரா எண்ட குட்டி ஐரோப்பிய நாட்டில தொடங்கினவங்க, ஐயர்லாந்தும் அதில வந்து ஆடினது. 2022ல ஜெர்மனியில ஃபியூசன் எண்ட ஊரில நடந்தப்ப கப் எடுத்தது ஆர் எண்டு நினைக்கிறீங்க, கொலம்பியா! கோப்பி விளையிற நாடு, பனிக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பீங்க, சில்லு வைச்ச சப்பாத்தோட தரையில ஹொக்கி ஆடிப் பழகின ஆக்கள் அங்க கன பேர்.

கேள்வி: எங்கட ஊரிலயும்தான் மீனுக்கு ஐஸ் அடிக்கிற பெக்டரி இருக்கு, அதை வைச்சு ஒரு ரிங்க் போடேலாதா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: சிரிக்காதீங்க, இது நல்ல கேள்வி. ஐஸ் பெக்டரியில என்ன செய்றாங்க, உப்புத் தண்ணியைப் பூச்சியத்துக்குக் கீழ குளிராக்கி, அதுக்குள்ள நல்ல தண்ணி ஊத்தின தகரப் பெட்டியளை இறக்கி வைக்கிறாங்க, கட்டியாயிடும். ரிங்கிலயும் அதே சூத்திரம்தான், கொங்கிறீட் தளத்துக்குள்ள குழாய் ஓடும், குழாய்க்குள்ள உப்புத் தண்ணியோ, லேசில உறையாத கிளைகோல் எண்ட திரவமோ சுத்திக்கொண்டே இருக்கும், மேல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு அடிச்சு ஒரு அங்குலம், ஒண்டரை அங்குலம் வரைக்கும் கட்ட வைப்பாங்க.

பிரச்சினை அளவும் காத்தும். 60 மீற்றர் நீளம், 30 மீற்றர் வரைக்கும் அகலம், அவ்வளவையும் ராப்பகலா குளிராவே வைச்சிருக்கோணும், கரண்ட் பில்லை நினைச்சுப் பாருங்க. அதைவிட எங்கட கடல்காத்து! ஈரக்காத்து குளிர் ஐஸில பட்டா மூடுபனி மாதிரி எழும்பும், பந்து எங்க ஆள் எங்க எண்டு தெரியாது, காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்க வேற மெஷின் பூட்டோணும். ஏலாது எண்டு சொல்லமாட்டன், பாங்கொக்கிலயும் மணிலாவிலயும் எங்களைப்போல வெக்கைதான், ஷொப்பிங் மோலுக்குள்ள ரிங்க் வைச்சிருக்கிறாங்க. 2017ல கோலாலம்பூரில நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில ஐஸ் ஹொக்கித் தங்கம் பிலிப்பைன்ஸுக்குப் போச்சு.

கேள்வி: பொம்பிளைப் பிள்ளையள் இதெல்லாம் ஆடுவினமா?
(வாசகி, கிண்ணியா)

பதில்: தூரம் போகவேணாம் தங்கச்சி, இந்தியா டீமைப் பாருங்க. அதில முக்கால்வாசி லடாக் பிள்ளையள், குளம் உறையிற ரெண்டு மூண்டு மாசம்தான் பயிற்சி. 2016ல தாய்பேயில முதல் தடவை சர்வதேசப் போட்டிக்குப் போனவங்க, அடுத்த வருசம் பாங்கொக்கில பிலிப்பைன்ஸை அடிச்சு முதல் வெற்றி, 2025ல ஐக்கிய அரபு எமிரேட்ஸில அல் ஐன் எண்ட ஊரில நடந்த ஆசியக் கிண்ணத்தில வெண்கலம்.

கேள்வி: பந்தை ஃப்ரீஸருக்குள்ள வைச்சுத்தான் எடுப்பாங்களாம், உண்மையா?
(வாசகர், திருக்கடலூர்)

பதில்: உண்மை. ஆனா அது பந்தில்ல, பக் எண்டு சொல்லுற தட்டையான ரப்பர் வில்லை, 156 தொடக்கம் 170 கிராம் இருக்கும். சும்மா ரப்பரெண்டா துள்ளும், குளிரவைச்சா துள்ளாம வழுக்கிக்கொண்டு போகும். உப்புவெளிக்காரர் அண்ணான்ட மகனிட்ட சொல்லி ஒண்டு அனுப்பச் சொல்லுங்கோ, உங்கட மீன் பெட்டிக்குள்ள போட்டுப் பாப்பம்.