மெஷினுக்கு முன் பத்தேரி பாக்கி

கேள்வி: நீலகிரி மாவட்டம் சேரம்பாடியில் இருக்கிறேன். ரோபஸ்டா கொட்டையை வீட்டில் இரும்புச் சட்டியில் வறுத்து, மில்லில் அரைத்து, மாதம் 25 கிலோ காபித்தூள் விற்கிறேன். சிக்கரி சேர்ப்பதில்லை. தோல் நீக்கிய கிளீன் கொட்டை கிலோ 420 ரூபாய்க்கு வாங்கி, தூளை 750-க்குக் கொடுக்கிறேன். அதில் 10 கிலோவை சுல்தான் பத்தேரியில் கடை வைத்திருக்கும் கொழுந்தனார் எடுத்துக்கொள்கிறார். ஒரு வருடத்தில் 18,000 ரூபாய் தந்தார், 72,000 பாக்கி. கேட்டால் "சீசன் முடியட்டும் அண்ணி" என்கிறார். 12 சதவீத வட்டியில் 40,000 ரூபாய் நகைக்கடன் இருக்கிறது. போன முறை மாற்றி வைத்தபோது 20,000 கூட்டி வாங்கியதும் அதில் அடக்கம். சட்டியில் 2 கிலோ வறுக்க 40 நிமிடம் ஆகிறது, தோள் வலிக்கிறது. ஒரு கிலோ வறுக்கும் புது மெஷின் வந்திருக்கிறது. கரண்டில் ஓடும், 3 கிலோவாட், விலை 1,60,000. மெஷின் வந்தால் மாதம் 25 கிலோ எடுக்கிறேன் என்கிறார் கொழுந்தனார். மீதி நகையையும் வைத்து வாங்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வாங்க வேண்டாம். மெஷின் மோசம் என்பதால் அல்ல. நீங்கள் கூட்டி வாங்கிய அந்த 20,000 ரூபாய் எங்கே போனது என்று முதலில் பாருங்கள்.

18 சதவீதம் எடை குறையும் என்று வைத்தால், ஒரு கிலோ தூளுக்கு 1.22 கிலோ கொட்டை வேண்டும். அதற்கு 512 ரூபாய். கேஸ், அரைவைக் கூலி, பாக்கெட் எல்லாம் சேர்த்துச் சுமார் 575 ரூபாய் அடக்கம் ஆகிறது. 750-க்கு விற்றால் கிலோவுக்கு 175 மிச்சம். கைக்காசுக்கு விற்கும் 15 கிலோவில் மாதம் 2,625 ரூபாய் வருகிறது. பத்தேரிக்குப் போகும் 10 கிலோவுக்கு உங்கள் கையிலிருந்து போவது 5,750. கொழுந்தனார் தருவது சராசரியாக மாதம் 1,500. கூட்டிக் கழித்தால் மாதம் 1,625 ரூபாய் துண்டு விழுகிறது. பன்னிரண்டு மாதத்துக்கு 19,500.

ஆக, கூட்டி வாங்கிய கடன் முழுக்கப் பத்தேரிக் கடையில்தான் இருக்கிறது. நீங்கள் நகையை வைத்து அவருக்குச் சரக்கு போடுகிறீர்கள், வட்டியையும் நீங்களே கட்டுகிறீர்கள். அதே நகைக்குப் போன முறை கூடுதல் பணம் கிடைத்ததே, அது பவுன் விலை ஏறியதால் கிடைத்தது. தொழில் அதைச் சம்பாதிக்கவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால், விலை இறங்கும் ஒரு வருடத்தில் நகை திரும்பாது.

இப்போது அவர் சொல்லும் 25 கிலோவைப் பாருங்கள். அடக்கம் 14,375. இதுவரை எடுத்த 90,000 ரூபாய்ச் சரக்குக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கொடுத்திருக்கிறார். அதே கணக்கில் 25 கிலோவுக்கு 3,750 வரும். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஓட்டை. மெஷின் தவணை தனி.

அந்தத் தவணை எவ்வளவு? 1,60,000 ரூபாயை 12 சதவீதத்தில் மூன்று வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 5,300. கிலோவுக்கு 175 மிச்சத்தில் இதைக் கட்ட, இப்போதைய 15 கிலோவுக்கு மேல் இன்னும் 30 கிலோ கைக்காசுக்கு விற்க வேண்டும். விற்பவர் "வட்டியில்லாத் தவணை" என்று சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தள்ளுபடிதான் வட்டி. பரிசீலனைக் கட்டணமும் சேரும். சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி மெஷின். ஒரு கிலோ மெஷின் என்றால் ஒரு ஈட்டுக்கு 800 கிராம் கொட்டை போடுவதுதான் நல்லது. முழுக் கிலோ போட்டால் சூடு பிந்தும். 800 கிராம் போட்டால் 656 கிராம் வரும். 25 கிலோவுக்கு 38 ஈடு, ஈட்டுக்குக் கால் மணி நேரம், கிட்டத்தட்ட பத்து மணி நேரம். ஒவ்வொரு நாளும் முதல் ஈட்டுக்கு முன் மெஷினை அரை மணி சூடேற்ற வேண்டும். உங்கள் சட்டியிலும் இதே கொட்டைக்கு 15 முறை, பத்து மணி நேரம்தான் ஆகிறது. நேரம் மிச்சமில்லை. கிளறும் வேலை போகும், ஒரே சீராக வறுபடும், அவ்வளவே. தோள் வலிக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. 150 கிராம் போடும் குட்டி மெஷினைத் தவணையில் தருகிறோம் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் கொட்டைக்கு 200 ஈடு ஓட்ட வேண்டிவரும்.

உங்கள் பகுதிக்கு மிக முக்கியமானது வோல்டேஜ். ஹீட்டர் தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230-க்குப் பதில் 190 வந்தால் 3 கிலோவாட் மெஷின் 2 கிலோவாட் சூடுதான் தரும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். பத்து நிமிடத்தில் கேட்க வேண்டிய முதல் வெடிப்பு (சூட்டில் கொட்டை வெடிக்கும் சத்தம்) பதினாறு, பதினேழு நிமிடம் இழுக்கும். கொட்டை நிறத்தில் சரியாக இருக்கும், மணம் இருக்காது, தூள் சப்பென்றிருக்கும். மெஷினில் கோளாறு என்று நினைத்து நீங்கள் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஒரு வாரம் மீட்டர் வைத்து அளந்து எழுதிவையுங்கள். 210-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் ஸ்டெபிலைசர் செலவும் உண்டு. 13 ஆம்பியர் இழுக்கும் சாமான் இது. போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் போட வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் ஓட்டினால் கட்டண வகை மாறும் என்பதால் மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

என்றைக்காவது மெஷின் பார்க்கப் போனால் விற்பவர் வைத்திருக்கும் கொட்டையில் வறுத்துக் காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் கொட்டை 4 கிலோ கொண்டுபோய், 800 கிராமாக ஐந்து ஈடு நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் போடும்போதும் எடுக்கும்போதும் எடை போடுங்கள். ஐந்துக்கும் இடையே 8 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சூடு நிலையாக இல்லை. திரையில் தெரியும் வெப்பம் கொட்டைக் குவியலுக்குள் நிற்கும் உணர்கம்பி (சென்சார்) காட்டும் வெப்பமா, உருளைக் காற்றின் வெப்பமா என்று கேளுங்கள். காற்று வெப்பத்தை மட்டும் காட்டினால் எப்போது இறக்குவது என்பதற்கு உங்கள் மூக்குதான் கதி. இறக்கிய கொட்டை ஐந்து நிமிடத்தில் கையால் தொடும் அளவுக்கு ஆற வேண்டும். ஆறாவிட்டால் தட்டிலேயே மேலும் கறுக்கும். உதிரும் தோல் சேரும் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் கழன்று வராவிட்டால் யாரும் தினமும் சுத்தம் செய்ய மாட்டார்கள், சேர்ந்த தோலில் தீப்பிடிக்கும். ஹீட்டர் காயில், பெல்ட், உணர்கம்பி மூன்றும் எங்கே கிடைக்கும், கூடலூரில் யார் மாற்றுவார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, மெஷின் இல்லாமலே இன்றே செய்யக்கூடியது. தேவாலா, பந்தலூர் மழையில் தரையில் கிடக்கும் மூட்டை ஈரம் இழுக்கும். 11 சதவீத ஈரத்துக்குப் பதில் 14 இருந்தால் கிலோவுக்கு 12, 13 ரூபாய் தண்ணீருக்குக் கொடுக்கிறீர்கள். ஈரமானி வைத்திருக்கும் வியாபாரியிடம் அளந்து வாங்குங்கள், மூட்டையைப் பலகை மேல் வையுங்கள்.

கொழுந்தனார் விஷயத்தை உங்கள் கணவர் பேசுவதே சரி. பழைய 72,000 தனி நோட்டு, மாதம் 3,000, இரண்டு வருடத்தில் தீரும். புதுச் சரக்கு அதோடு கலக்கக் கூடாது. கைக்காசு என்றால் கிலோ 690-க்குக் கொடுங்கள். கடனுக்கு 750 போடுவதைவிட இதில் உங்களுக்குக் கிலோவுக்கு 115 ரூபாய் நிஜமாக மிஞ்சும், அவருக்கும் 60 ரூபாய் லாபம். முடியாது என்றால் சரக்கு நிற்கட்டும். அவர் எடுக்காவிட்டால்கூட மாதம் 2,625 கையில் நிற்கும், இப்போது அதுவும் இல்லை. வருகிற பணம் முழுக்க 40,000 கடனுக்குப் போகட்டும், வட்டியோடு அசலிலும். நகையைத் திருப்பும் வரை, கூலிக்கு வறுத்துத் தரும் மில் கூடலூரிலோ பத்தேரியிலோ கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிலோவுக்கு 20, 30 ரூபாய் கேட்டாலும் தவணையைவிடக் குறைவு, தோளுக்கும் ஓய்வு.

கைக்காசு விற்பனை ஆறு மாதம் தொடர்ந்து 45 கிலோவைத் தொட்டால் மெஷினை யோசிக்கலாம். அப்போது தவணை போக இன்றைய அளவு மிச்சமாவது நிற்கும். அந்த நேரத்திலும் நகையை வைக்காதீர்கள். சிறு உணவுத் தொழில்களுக்கு ஒன்றிய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீத மானியம் அறிவித்திருந்தார்கள். வங்கிக் கடனோடு இணைந்தது, பணம் கையில் வராது, கடன் கணக்கில்தான் வரவு வைப்பார்கள். இன்னும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று வங்கிக் கிளையில் முதலில் கேளுங்கள். கடன் அனுமதி வரும் முன் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.