ஞாயிற்றுக்கிழமை வண்டி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் கிரெட்டா இருக்கிறது, குடும்பத்துக்கு அது போதும். இரண்டாவது வண்டியாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ரொம்ப நாள் ஆசை. டெல்லி டீலர் ஒருவரிடம் 2013 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் இருக்கிறது. 2.7 லிட்டர், பிடிகே (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், இரண்டாவது ஓனர், 28,000 கி.மீ. ஓடியதாம். 40 லட்சம் சொல்கிறார்கள். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – கோவை வாசகர்

பதில்: மாடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர் எஞ்சின்களில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளை ஓட்ட நடுவில் ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையிலுள்ள பேரிங் தேய்ந்து உடைந்தால் டைமிங் தவறும், பிஸ்டனும் வால்வும் மோதும், எஞ்சினே போய்விடும். 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. உங்களுடையது அதற்கும் அடுத்த தலைமுறை, கம்பெனிக் குறியீடு 981. அந்தப் பயம் வேண்டாம்.

பணக் கணக்குதான் யோசிக்க வைக்கிறது. வண்டிக்கு 40 லட்சம் என்றால், தமிழ்நாட்டு வரி போக இன்னும் ஆறு லட்சமாவது தொடாமல் வைத்திருக்க முடியுமா? முடியாது என்றால் வேண்டாம். முதல் வருடத்திலேயே நாலு டயர், பேட்டரி, ஒரு முழு சர்வீஸ், ஏதோ ஒரு கூலண்ட் கசிவு என்று வரிசையாக வரும். 40 லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 2,60,000 ரூபாய் வந்திருக்கும். வருடத்தில் 40 ஞாயிறு ஓட்டினால், பெட்ரோல் போடும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கு 6,500 ரூபாய். இதைக் கேட்டும் ஆசை குறையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதலில் அந்த 28,000. மீட்டரைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டர், தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனியாக எழுதி வைத்திருக்கும். போர்ஷே சர்வீஸ் மையத்தின் பிவிஸ் கருவியை மாட்டினால் அது தெரிந்துவிடும். கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுங்கள். 28,000 கி.மீ.க்கு 1,100 மணி என்றால் சராசரி வேகம் 25 கி.மீ.; ஊருக்குள் ஓடிய வண்டிக்கு இது நியாயம். அதே 28,000க்கு 1,900 மணி என்றால் சராசரி 15கூட வராது. ஒன்று, வண்டி ஏசி போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் எஞ்சினை வரம்புக்கு மேல் சுழற்றிய கணக்கும் ஆறு படிகளாக வரும். முதல் இரண்டு மூன்று படிகளில் எண்கள் இருப்பது சகஜம். நாலாவது படிக்கு மேல், அதுவும் சமீபத்தில் பதிவாகியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். பிவிஸ் பார்க்க டீலர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் சைலன்சர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது ஓரிரு நொடி நீலப் புகை வரலாம். சிலிண்டர்கள் படுத்திருக்கும் எஞ்சின் இது. கொஞ்சம் எண்ணெய் உள்ளே தங்கி எரியும், பயப்பட ஒன்றுமில்லை. புகை பின்னால் மண்டிக்கொண்டு நிற்காமல் வந்தால் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டர் போயிருக்கலாம்.

இந்த வண்டியில் எஞ்சின் கண்ணுக்குத் தெரியாது. பின் டிக்கியைத் திறந்தால் எண்ணெயும் கூலண்டும் ஊற்றும் மூடிகள்தான் இருக்கும். எண்ணெய் அளவு பார்க்கக் குச்சிகூடக் கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். ஆகவே லிஃப்டில் ஏற்றாமல் முடிவு செய்யக் கூடாது. அடியில் பார்க்கும்போது வாட்டர் பம்ப்பைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல் காய்ந்த கறை இருந்தால் கூலண்ட் கசிகிறது என்று பொருள்.

பிறகு டார்ச் லைட்டோடு முன் பம்பரின் இரு ஓரக் காற்று வாய்களுக்குள் குனிந்து பாருங்கள். ஏசி கண்டென்சரும் அதன் பின்னால் ரேடியேட்டரும் அங்கேதான் இருக்கின்றன. காய்ந்த இலை, பாலிதீன் பை, சிகரெட் துண்டு எல்லாம் உள்ளே போய்ச் சேரும். மழையில் நனைந்து சேறாகி அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். ஏசி குளிரவில்லை என்று கேஸ் மட்டும் நிரப்பி விற்பவர்கள் உண்டு. மூன்றே மாதத்தில் மறுபடி சூடாகும். வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்த பில் இருந்தால் முந்தைய ஓனர் விவரமானவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிடிகேயைக் குளிரிலும் அரை மணி ஓட்டிய சூட்டிலும் சோதியுங்கள். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது தாமதமோ இடியோ இருக்கக் கூடாது. மேட்டில் ஆமை வேகத்தில் ஏற்றும்போது உதறக் கூடாது. உள்ளே ஒரு சென்சார் கெட்டாலும் எச்சரிக்கை வந்து சில கியர்கள் விழாமல் போகும். வேலை சின்னதுதான், ஆனால் செய்யத் தெரிந்த கைகள் குறைவு, அதனால் பில் பெரியது. கிளட்ச் எண்ணெயும் கியர் எண்ணெயும் தனித்தனி. இரண்டும் மாற்றியதற்குப் பில் கேளுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஸ்பார்க் பிளக் நாலு வருடத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆயில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை. ‘குறைவாகத்தான் ஓடியது, அதனால் சர்வீஸ் விடவில்லை’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைக் குறையாகக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

டயரின் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதிது போல ஆழமாக இருந்தாலும் ஆறு வயது ஆன டயரை நம்பி நூறில் போகக் கூடாது. 18 அங்குல சக்கரத்தில் முன்னால் 235, பின்னால் 265 அகலம். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமாளிக்க முடியாது. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் பசையும் காற்றடிக்கும் சின்ன பம்ப்பும்தான். அந்தப் பசை பாட்டிலின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பெயிண்ட் அளக்கும் மீட்டர் கொண்டுபோனால், அலுமினியத்திலும் அளக்கும் வகையாக இருக்கட்டும். கதவுகளும் முன் பின் மூடிகளும் அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அங்கே எதையும் காட்டாது. கம்பெனி பெயிண்ட் 100 முதல் 150 மைக்ரான் வாக்கில் இருக்கும். 300ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது, அதற்கும் மேலே எகிறினால் உள்ளே பட்டி.

டூல் பையைத் திறந்து இரண்டு சாமான்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: வீல் லாக் போல்ட்டுக்கான சாக்கெட், முன் பம்பரில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கி. முதலாவது தொலைந்திருந்தால் வழியில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. இரண்டாவது இல்லையென்றால் பிளாட்பெட் லாரிக்காரர் கயிற்றை எங்கே மாட்டுவார்? கோவையிலிருந்து கொச்சி, பெங்களூர், சென்னை என்று ஏதாவது ஒரு ஊர் மையத்துக்குத்தான் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் இதை அலட்சியமாக விடாதீர்கள்.

கடைசியாக உங்கள் தெரு. சாலைப் பொறியியல் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதில் இந்த வண்டி நிம்மதியாக ஏறி இறங்கும். நம் தெருக்களில் ஊரார் கட்டுவதோ ஓரடி அகலத்தில் முழங்கால் உயரம்! அதில் அடி தட்டும். கார் பார்க்கிங் சரிவில் இறங்கும் இடத்தையும் முன்னதாகவே அளந்து வையுங்கள்.

கேள்வி: டெல்லி வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற எவ்வளவு ஆகும்? டீலர் ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறார். – அதே வாசகர்

பதில்: டெல்லி வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம், அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 வயது வரம்பு பற்றிய பயம். 2013 வண்டிக்கு அந்த வயது 2028இல் வருகிறது. இங்கே 15 வருடத்துக்குப் பின் எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆனால் இறக்குமதி காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 40,000 ரூபாய்.

வரி நீங்கள் கொடுத்த 40 லட்சத்தின் மேல் போடப்படுவதில்லை. வண்டி புதிதாக விற்றபோது இருந்த விலையையும் அதன் வயதையும் வைத்துப் போடுவார்கள். ஆகவே முதல் இன்வாய்ஸ் நகலை வாங்கி உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, தொகையைத் தெரிந்துகொண்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். லட்சக் கணக்கில் வரும்.

வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்ஓசி (தடையில்லாச் சான்று) படிவம் 28இல். எந்த ஆர்டிஓவுக்கு என்று அதில் எழுதியிருக்கும். கோவையில் தெற்கு, வடக்கு, மத்தியம், மேற்கு என்று தனித்தனி அலுவலகங்கள். உங்கள் முகவரிக்கு உரியது எது என்று சொல்லித்தான் வாங்கச் சொல்ல வேண்டும், மாறினால் மறுபடி டெல்லிக்கு ஓட வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் வங்கிக் கடிதமும் படிவம் 35ம், பெயர் மாற்றத்துக்கு 29ம் 30ம், புது எண்ணுக்கு 27. டெல்லி போக்குவரத்து அபராதங்கள் பாக்கியிருந்தால் என்ஓசியே நகராது. எம்-பரிவாகன் செயலியில் ஆர்சி எண்ணைப் போட்டு ஓனர் எத்தனையாவது, கடன் உண்டா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முழுத் தொகையை என்ஓசி கைக்கு வந்த பிறகே கொடுங்கள். 10 லட்சத்துக்கு மேலான விற்பனையில் டீலர் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஜப்பான் கூப்பே (இரண்டு கதவு கார்) ஒன்று 18 லட்சத்துக்கு வருகிறது. வடகிழக்கு மாநில எண். பேப்பர் எல்லாம் சுத்தம் என்கிறார் புரோக்கர். – மதுரை வாசகர்

பதில்: ஆர்சி இருந்தால் மட்டும் பேப்பர் சுத்தம் ஆகிவிடாது. சுங்கத் தீர்வை கட்டிய பில் ஆஃப் என்ட்ரி இருக்கிறதா, அதிலுள்ள சேசிஸ் எண் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் பயன்படுத்திய காரை இறக்க வேண்டுமென்றால் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. பத்து வயதில் வந்திறங்கிய கூப்பேக்கு நேர்மையான பேப்பர் எப்படி இருக்க முடியும்? 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை, பூடான் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் வண்டிகளைத் தேடி பல இடங்களில் சோதனை போட்டது. அப்படிச் சிக்கினால் வண்டியும் போகும், பணமும் போகும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்னைப் பதிவு ஆடி டிடி, 2012 மாடல், விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. – தாம்பரம் வாசகர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று உங்களுக்கே தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் வண்டல் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. சீட் போல்ட்டுகளில் துரு, கார்ப்பெட்டின் அடியிலுள்ள ஸ்பாஞ்சில் வாடை, இவையும் காட்டிக் கொடுக்கும். மேலே துடைத்தாலும் அடியில் மிச்சமிருக்கும். வெள்ளமே பார்க்காத வண்டி என்றாலும் அந்தக் காலத்து 2.0 டர்போ எஞ்சின் பிஸ்டன் ரிங் வழியாக எண்ணெய் குடிக்கும் பெயர் பெற்றது. சர்வீஸ் பில்களில் இடையிடையே எண்ணெய் ஊற்றிய கணக்கைத் தேடுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டைமிங் சங்கிலி சலசலத்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை காத்திருக்கிறது. டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) கியர்பாக்ஸின் எண்ணெயும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும்.

கேள்வி: வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதுமா? தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டில் விடலாமா? – திருச்சி வாசகர்

பதில்: ஐந்து நிமிட ஸ்டார்ட் கெடுதல்தான் செய்யும். எண்ணெய் சூடாகாமல் ஈரமும் பெட்ரோலும் அதிலேயே தங்கும். ஸ்டார்ட்டுக்குச் செலவான மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பாது. பத்து நாளுக்கு ஒருமுறை என்றாலும் 40 நிமிடம் ஓட்டுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவையும் இல்லை. நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிறைந்திருக்கட்டும். வீட்டில் பிளக் பாயிண்ட் அருகே நிறுத்தினால் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

பாக்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பேட்டரி முன் டிக்கியில் இருக்கிறது, அந்த டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும். பேட்டரி செத்துவிட்டால் காலடியில் உள்ள ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, சிவப்பு முனையை வெளியே இழுத்து அதில் வெளி பேட்டரியின் பிளஸ்ஸையும், கதவு பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியில் மைனஸ்ஸையும் கொடுத்தால் மூடி திறக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்ய அந்த இடத்தைப் பயன்படுத்தாதீர்கள், வயர் தாங்காது.

கேள்வி: இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும்? என் பழைய காரின் நோ கிளெய்ம் போனஸைப் புது வண்டிக்கும் வாங்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: 1,500 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் பிரீமியம் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சொந்தச் சேதப் பகுதி ஐடிவியை (வண்டிக்குப் பாலிசியில் போடும் மதிப்பு) பொறுத்தது. போனஸ் உங்களுக்குரியது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்குப் பயன்படாது. விற்றவருடைய போனஸும் உங்களுக்கு வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்றிவிடுங்கள். பத்து வயது வண்டிக்கு ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத பாலிசி) கிடைப்பது கடினம். அது இல்லாவிட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் தருவார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் பம்பரும் ஸ்பாய்லரும் பிளாஸ்டிக் என்பதை மறக்காதீர்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் அதற்கென்று எஞ்சின் புரொடெக்ட் எடுத்திருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ டிராக்கில் பந்தயம் விட்டு இடித்தால் ஒரு ரூபாய்கூட வராது.