வெண்புகைக்குள் இருப்பது என்ன? யுரேனைல் ஃபுளூரைடு: கேள்வி பதில்

கேள்வி: யுரேனைல் ஃபுளூரைடை ஆக்சிஃபுளூரைடு என்கிறார்கள். அப்படியென்றால் ஆக்சைடும் ஃபுளூரைடும் சேர்ந்த கலவையா?

பதில்: கலவை அல்ல, ஒரே சேர்மம். யுரேனைல் ஃபுளூரைடில் ஒரு யுரேனியத்துக்கு இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஃபுளூரின். ஆக்சிஜன்கள் யுரேனியத்தின் இருபுறமும் நேர்கோட்டில் இறுகப் பிணைந்திருக்கும். நீரற்ற படிகத்தில் யுரேனியத்தின் இடுப்பைச் சுற்றி ஆறு ஃபுளூரின்களைப் பார்க்கலாம். குழம்ப வேண்டாம், ஒவ்வொரு ஃபுளூரினையும் மூன்று யுரேனியங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. கணக்கு இரண்டுதான்.

கேள்வி: எப்படித் தயாரிக்கிறார்கள்?

பதில்: தயாரிப்பதைவிட, தானாக உருவாகாமல் தடுப்பதுதான் பெரும்பாடு! யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு (ஒரு யுரேனியத்தோடு ஆறு ஃபுளூரின் சேர்ந்த சேர்மம்) ஈரக்காற்றில் பட்டாலே போதும். 1 கிலோ ஹெக்ஸாஃபுளூரைடு சுமார் 100 கிராம் நீரை விழுங்கி, 875 கிராம் யுரேனைல் ஃபுளூரைடையும் 227 கிராம் ஹைட்ரஜன் ஃபுளூரைடையும் தரும். ஹெக்ஸாஃபுளூரைடை வைத்திருக்கும் உருளையில் சிறு துளை விழுந்தால், அங்கே படியும் திண்மமே துளையை அடைத்துவிடுவதும் உண்டு.

கேள்வி: கசிந்தால் கதிர்வீச்சுதானே ஆபத்து?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1986 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கோர் என்ற ஊருக்கு அருகிலிருந்த ஆலையில் ஓர் உருளையை அளவுக்கு மேல் நிரப்பிவிட்டு, பிறகு சூடேற்றினார்கள். திண்ம ஹெக்ஸாஃபுளூரைடு உருகும்போது கன அளவு ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். உள்ளே விரிய இடமில்லை, உருளை வெடித்தது. எழுந்த வெண்மேகத்தில் இருந்தவை நான் மேலே சொன்ன அதே இரண்டு பொருள்கள். ஒரு தொழிலாளி இறந்தார். உயிரைப் பறித்தது ஹைட்ரஜன் ஃபுளூரைடு, கதிர்வீச்சு அல்ல.

யுரேனைல் ஃபுளூரைடும் சாது இல்லை. நீரில் எளிதில் கரையும்; மூச்சோடு உள்ளே போனால் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இயற்கை யுரேனியத்தைப் பொறுத்தவரை இந்த வேதி நச்சே முதல் கவலை.

கேள்வி: இதை எரிபொருளாக மாற்ற முடியுமா?

பதில்: முடியும். நீராவியும் ஹைட்ரஜனும் செலுத்திச் சூடேற்றினால் யுரேனியம் டைஆக்சைடு தூள் கிடைக்கும். அதை வில்லைகளாக அழுத்திச் சுடுவார்கள்.

கேள்வி: சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்கள் ஆலைச் சுவர்களைத் துணியால் துடைத்து எடுத்துப் போவது எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. செறிவூட்டும் ஆலையில், அதாவது யுரேனியம்-235 என்ற ஐசோடோப்பின் பங்கைக் கூட்டும் ஆலையில், நூலளவு கசிவு இருந்தாலும் ஹெக்ஸாஃபுளூரைடு காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, யுரேனைல் ஃபுளூரைடு நுண்துகள்களாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு துகளை நிறை நிறமாலைமானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) வைத்தால் அதன் ஐசோடோப் விகிதம் தெரிந்துவிடும். எந்த அளவுக்குச் செறிவூட்டினார்கள் என்பதை ஆலைக்காரர் வாய் திறக்காவிட்டாலும் அந்தத் தூசு சொல்லும்.