அடுத்தது மஸ்டாங்கா? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: ஆறு மாதமாக ரேடியோவில் இயக்கும் மாடல் விமானம், மூன்று சேனல் (மூன்று கட்டுப்பாடு) ஃபோம் டிரெய்னர், பறக்கவிடுகிறேன். அடுத்து பி-51 மஸ்டாங் போர் விமான மாடல் எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். "இதுவும் விமானம்தானே" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: அவருக்கு இதுவும் விற்பனைதானே! இந்த விஷயத்தில் ஆரம்பித்தால் எனக்கு நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிரெய்னரில் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், நுனிகள் லேசாகத் தூக்கியிருக்கும், ரேடியோ ஸ்டிக்கை விட்டால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். மஸ்டாங் அப்படி நிமிராது. ஐலரானே, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிற இறக்கை மடலே, உங்களுக்குப் புதுசு. இதில் இறக்கை நுனிப்பக்கம் குறுகல், பரப்புக்கு எடை அதிகம், இறங்குகிற நேரத்தில் வேகத்தை விட்டுவிட்டால் ஒரு நுனி முதலில் ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் சக்தியை இழந்து, அந்தப் பக்கமே கவிழ்ந்துவிடும்.

நான் இரண்டாவதாக வாங்கியது ஸ்பிட்ஃபயர், அதுவும் போர் விமான மாடல்தான். பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்து வாங்கியதுதான். சக்கரங்கள் கிட்டக் கிட்ட இருப்பது நிஜ ஸ்பிட்ஃபயருக்கே உள்ள குணம், என்னுடையது தரையிலேயே இரண்டு தடவை சாய்ந்தது, மூன்றாவது தடவை ஏறியது, முதல் திருப்பத்திலேயே எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்குகிற வால் மடல்) இழுத்துப் பிடித்தேன், இடது இறக்கை விழுந்தது. மூக்கு மட்டும் இன்னும் பரணில் இருக்கிறது.

நான்கு சேனல், ஐலரான் உண்டு, இறக்கை முழுக்க ஒரே அகலம்: அப்படி ஒரு ஃபோம் மாடல் பாருங்கள். கையில் இருக்கிற பேட்டரியும் ரேடியோவும் அதற்குப் பொருந்தினால் நல்ல காசு மிச்சம். விலை கேட்பதற்கு முன்னால் புரொப்பெல்லரும் தனி இறக்கையும் கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடலாமா?

பதில்: ஏற்றிவிடலாம். எங்கே இறக்குவீர்கள்?

கேள்வி: புது விமானம் முதல் நாளே விழுந்து நொறுங்கியது. ஐலரான் தலைகீழாக வேலை செய்ததாம். வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: செய்ததாமா? நீங்கள் பார்க்கவே இல்லையா? ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே எழ வேண்டும். தரையில் நின்று பார்த்திருந்தால் பத்து விநாடி வேலை, ரேடியோவில் ரிவர்ஸ் போட்டால் முடிந்தது. கேட்டுப் பாருங்கள், தருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மூன்றாவது சார்ஜிலேயே உப்பிவிட்டது. ஒரு செல் 3.1 வோல்ட், மற்ற இரண்டும் 4.1. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறதாம்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை, அந்த வரிக்குப் பயப்படவும் வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திருப்பித் தர பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. சார்ஜர் திரையில் செல் அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால், கடை எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், மணல் போட்ட சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். கூரியரில் திருப்பி அனுப்பச் சொன்னால், உப்பின லைப்போவை அனுப்ப முடியாது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.