தன் பாட்டுக்கே காப்பிரைட் க்ளெய்ம்: யெரெவானில் படிக்கும் மகனுக்காக ஒரு தந்தை கேட்கிறார்

கேள்வி: என் மகன் ஆர்மீனியாவில், யெரெவானில் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறான். அங்கே மூன்று உள்ளூர்ப் பையன்களோடு சேர்ந்து ஹிப்ஹாப் குழு வைத்திருக்கிறான். பாட்டு ஆர்மீனிய மொழியில். பீட் போடுவது இவன். அவர்களுடைய முதல் பாட்டு யூடியூபில் கொஞ்சம் ஓடியது. நாலு மாதம் கழித்து, கலிபோர்னியா க்ளெண்டேலில் இருக்கும் ஒருவர் அதே பாட்டின் வேகத்தைச் சற்று ஏற்றி, வேறு பெயர் வைத்து, தன்னுடையது என்று ஸ்பாட்டிஃபை வரை போட்டுவிட்டார். இப்போது இவர்கள் வீடியோவுக்கே காப்பிரைட் க்ளெய்ம் வந்து, விளம்பரப் பணம் அவருக்குப் போகிறது. டெலிகிராமில் எம்பி3 சுற்றுகிறது. டாக்சிக்காரர்களுக்குப் பென்டிரைவில் விற்கிறார்களாம். நாங்கள் எதையும் பதிவு செய்யவில்லை. மதுரையிலேயே வழக்குப் போட முடியுமா? வம்புக்குப் போனால் படிப்புக்கோ விசாவுக்கோ சிக்கல் வருமா? பாட்டின் தொடக்கத்தில் ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த டுடுக் ஓசை எட்டு விநாடி வருகிறது. அது தவறா?

பதில்: ஐயா, கடைசியாக, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், டுடுக் என்று. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அதுதான். க்ளெண்டேல் ஆசாமி அடுத்துதான்.

முதலில் பதிப்புரிமைப் பதிவு. அரசு அலுவலகத்தில் பதிவு செய்யாததால் உரிமை போய்விடாது. பாட்டை உருவாக்கிப் பதிவெடுத்த நொடியிலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. நாடுகள் ஒன்றுக்கொன்று பதிப்புரிமையை மதிக்கச் செய்துகொண்ட பெர்ன் ஒப்பந்தத்தில் இந்தியா 1928 முதல் இருக்கிறது, அமெரிக்கா 1989 முதல், ஆர்மீனியா 2000 முதல். அதனால் யெரெவானில் ஒரு விடுதி அறையில் போட்ட பீட்டுக்கு க்ளெண்டேலிலும் பாதுகாப்பு உண்டு, மதுரையிலும் உண்டு. ஆர்மீனியாவுக்கென்று 2006-இல் வந்த தனிப் பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினேன், பெயரை மாற்றினேன் என்பதெல்லாம் எந்த நாட்டிலும் எடுபடாது.

அடுத்து, 'க்ளெய்ம்' வேறு, 'ஸ்ட்ரைக்' வேறு. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதறிவிடுகிறார்கள். இப்போது வந்திருப்பது கன்டென்ட் ஐடி க்ளெய்ம். அதாவது அந்த மனிதர் ஒரு விநியோக நிறுவனம் வழியாகப் பாட்டைத் தன் பெயரில் ஏற்றியிருக்கிறார். அங்கிருந்து அதன் ஒலிக்கைரேகை யூடியூப் கிடங்குக்குப் போயிருக்கிறது. அதோடு ஒத்துப்போகிற வீடியோவை இயந்திரம் பிடித்துக் கொடுத்துவிட்டது. முதலில் போட்டவர் யார் என்று இயந்திரம் பார்ப்பதில்லை. இதற்கு மறுப்பு, அதாவது டிஸ்ப்யூட் போடலாம். க்ளெய்ம் வந்த 5 நாளுக்குள் போட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே பணத்தைத் தனியே நிறுத்தி வைப்பார்கள். தாமதமானால் மறுப்புப் போட்ட நாளிலிருந்து. எதிராளிக்கு 30 நாள் அவகாசம். அவர் வாய் திறக்கவில்லை என்றால் க்ளெய்ம் தானாக விழுந்துவிடும். நிராகரித்தால் மேல்முறையீடு, அதற்கு அவருக்கு 7 நாள்தான்.

அதற்கும் மேலே போய் அவர் முறைப்படி நீக்கல் நோட்டீஸ் கொடுத்தால்தான் ஸ்ட்ரைக். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போகலாம். ஸ்ட்ரைக்குக்குப் பதிலடி எதிர் நோட்டீஸ். அது கிடைத்தபின் 10 வேலை நாளுக்குள் அவர் நீதிமன்றம் போனதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். அந்த எதிர் நோட்டீஸில் மட்டும் எச்சரிக்கை தேவை. அது அமெரிக்கச் சட்டப்படி சத்தியம் செய்து கொடுக்கும் தாள். பொய் என்றால் பொய்ச்சாட்சிக் குற்றம். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறேன் என்ற வரியும் அதில் உண்டு. மகன் கையெழுத்துப் போடுவதற்கு முன் கை சுத்தமாக இருக்க வேண்டும். அதனால்தான் டுடுக்.

டுடுக் தெரியாத வாசகர்களுக்காக: ஆப்ரிகாட் மரத்தில் செய்யும் குழல். நம் நாயனத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுவது, ஆனால் குரல் அடங்கி, கரகரத்து வரும். இதைப் பாட்டில் வைத்தது தவறில்லை. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. மெட்டுக்கு ஓர் உரிமை, அதை ஊதிப் பதிவு செய்த ஒலிக்கு வேறோர் உரிமை. நாட்டுப்புற மெட்டு என்றால் யாரும் எடுக்கலாம். ஆர்மீனிய இசையமைப்பாளர் கோமிதாஸ் தொகுத்து அமைத்தது என்றாலும் சரி. அவர் 1935-இல் பாரிஸில் இறந்தார், இறப்புக்குப் பின் 70 ஆண்டு என்ற கணக்கு 2005 முடிவோடு தீர்ந்தது. ஆனால் மகன் எடுத்தது மெட்டை அல்ல, இசைத்தட்டின் ஒலியை. அந்தத் தட்டின் உறையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சோவியத் காலத்து மெலோடியா நிறுவனத்தின் தட்டாக இருந்து, 1982 என்று போட்டிருந்தால், ஒலிப்பதிவுக்கு சர்வதேச ஒப்பந்தங்கள் சொல்லும் குறைந்தபட்சக் காலம் 50 ஆண்டு. கணக்கு 2032 வரை ஓடுகிறது. எட்டு விநாடிதானே என்று விதிவிலக்கு கிடையாது. 'ஏழு விநாடி வரை எடுக்கலாம்', 'முப்பது விநாடி வரை பரவாயில்லை' என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் அப்படிப் படித்ததில்லை.

பயப்பட வேண்டாம், இதற்கு மருந்து எளிது. யெரெவானில் டுடுக் ஊதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரைக் கூப்பிட்டு அதே மெட்டைப் புதிதாக ஊதச் சொல்லிப் பதிவெடுத்து, பழைய எட்டு விநாடியைத் தூக்கிவிடலாம். பழைய வீடியோ அப்படியே இருக்கட்டும். அதை அழித்தால் முதலில் வெளியிட்டது நாங்கள்தான் என்பதற்கான ஆதாரமே போய்விடும். மறுப்பில், பீட்டும் வரிகளும் குரலும் எங்களுடையவை என்று மட்டும் எழுத வேண்டும். 'முழுப் பாட்டும் நூறு சதவீதம் எங்களுடையது' என்று எழுதக் கூடாது. இது எதிராளியையும் கடிக்கும். தனக்கு மட்டுமே உரிமையுள்ள ஒலியைத்தான் கன்டென்ட் ஐடியில் போடலாம் என்பது விதி. அந்த டுடுக் அவருடையதும் இல்லையே!

ஆதாரம் என்று வரும்போது பையன்கள் முதலில் செய்கிற காரியம், எஃப்.எல். ஸ்டூடியோ (பீட் போடும் மென்பொருள்) கோப்பைத் திறந்து பார்த்து, பழக்க தோஷத்தில் 'சேவ்' அழுத்துவது. திருத்திய தேதி இன்றைய தேதியாகிவிடும். திறக்காமல் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தனித்தனி ட்ராக்குகள், குழு வாட்ஸ்அப்பில் போன குரல் பதிவுகள், மர்ஷ்ருட்காவில் (அந்த ஊர் மினிபஸ்) வரும்போது மகன் வாயாலேயே தாளம் போட்டு அனுப்பிய 40 விநாடி மாதிரி ஏதாவது இருந்தால் அதுவும். முடிந்த பாட்டு எவனிடமும் இருக்கும். முடியாத பாட்டு செய்தவனிடம்தான் இருக்கும்.

அடுத்து நான் கேட்கப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். இந்தப் பாட்டுக்கு உரிமையாளர் யார்? நாலு பேர். தாளில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா? இருக்காது. அமெரிக்கச் சட்டத்தில், எழுதி வைக்காத கூட்டுப் படைப்பாளிகள் சம பங்குக்காரர்கள். அவர்களில் ஒருவர் மற்றவர்களைக் கேட்காமலேயே, 'உனக்கு மட்டும்' என்று இல்லாத சாதாரண அனுமதியை வெளியாளுக்குக் கொடுத்துவிடலாம். இந்தியாவில் அப்படி முடியாது, எல்லோரும் சம்மதிக்க வேண்டும். க்ளெண்டேலில் ஆர்மீனியர்கள் ஏராளம். அங்கிருந்து ஒரு பக்கம் நடத்துகிறவர், 'தம்பி, பாட்டு அருமை, நாங்களும் போடட்டுமா?' என்று இன்ஸ்டாகிராமில் கேட்டிருப்பார். மூவரில் ஒருவன் சந்தோஷத்தில் ஓர் இதயமும் ஒரு கட்டைவிரலும் அனுப்பியிருப்பான். பகிரச் சொன்னது வேறு, தன் பெயரில் போடச் சொன்னது வேறு என்று வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் அந்த உரையாடலை எதிராளி எடுத்து நீட்டும்போது நமக்குப் புதிதாகத் தெரியக் கூடாது.

மதுரை வழக்கு பற்றி. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழிவிடுகிறது. ஆனால் மகன் குடியிருப்பது யெரெவானில், உங்கள் முகவரியை வைத்துக்கொண்டு அவருக்காகப் போட முடியாது. போட்டாலும் மதுரைத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு க்ளெண்டேலில் நேரடியாக வசூலிக்க முடியாது. உங்கள் காசைச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

அமெரிக்காவில் போடலாமா? வெளிநாட்டுப் படைப்புக்கு அங்கே பதிவு இல்லாமலே வழக்குத் தொடர முடியும். ஆனால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தால் 1,50,000 வரை என்று சட்டமே நிர்ணயிக்கும் இழப்பீடும், வக்கீல் செலவும், திருட்டுக்கு முன்போ வெளியிட்ட 3 மாதத்துக்குள்ளோ பதிவு செய்தவர்களுக்குத்தான். இந்தப் பாட்டுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. உண்மையில் இழந்ததையும் அவர் சம்பாதித்ததையும்தான் கேட்கலாம். ஆகவே இந்தப் பாட்டுக்கு வழக்கு வேண்டாம், ஸ்பாட்டிஃபைக்கும் அவர் பாட்டை ஏற்றிவிட்ட விநியோக நிறுவனத்துக்கும் முதல் வெளியீட்டுத் தேதியுடன் புகார் போதும். விநியோகஸ்தர் கணக்கை மூடினால் எல்லாத் தளத்திலும் ஒரே வீச்சில் இறங்கிவிடும். அடுத்த பாட்டுக்குப் பதிவை மறக்க வேண்டாம்.

பென்டிரைவையும் டெலிகிராமையும் விட்டுவிடுங்கள். டெலிகிராமுக்கு ஒரு புகார் அனுப்பலாம், ஒன்றை மூடினால் இரண்டு திறக்கும். லாஸ் ஏஞ்சலஸின் ஆர்மீனிய வம்சாவளி ராக் குழுவான சிஸ்டம் ஆஃப் எ டவுனுக்கு 2002-இல் இதைவிடப் பெரிய அடி: முடிக்காத பாட்டுகளே இணையத்தில் கசிந்தன. அவர்கள் பாட்டுகளை முடித்து, வீட்டில் காப்பி அடித்த சிடி மாதிரி மார்க்கரில் எழுதிய தோற்றத்தில் தாங்களே வெளியிட்டார்கள், 'திருடிக்கொள்' என்று தலைப்பும் வைத்து. உங்கள் மகனின் பாட்டை டாக்சிக்காரர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பேரை மாற்றியவனைத்தான் பிடிக்க வேண்டும்.

விசா பற்றி: நான் சொன்னவற்றில் ஒன்றுகூட யெரெவான் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகிற வேலை இல்லை. எல்லாம் கணினி முன் உட்கார்ந்து செய்வது. பரீட்சை முடிந்த பிறகும் செய்யலாம், ஆனால் பணம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

இன்று இரவு மகனிடம் பேசும்போது இரண்டே விஷயம் கேளுங்கள். இசைத்தட்டின் பின்னட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மற்ற மூவரும் தங்கள் இன்ஸ்டாகிராம் செய்திகளில் அந்த க்ளெண்டேல்காரர் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். இரண்டும் கைக்கு வந்தபின் மறுப்பை எழுதலாம். புது டுடுக் ஊத வருகிறவரிடமும், பணம் கொடுக்கும்போதே ஒரு கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள்.