இலையுதிர் கால மஸ்கி: தோழரின் மணிக்கட்டுக்கு ஏற்ற இரை எது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பழக்கமில்லாத ஒருவரைப் படகில் ஏற்றிக்கொண்டு ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் மஸ்கி என்ற பெரிய, கூர்ப்பல் வேட்டை மீனைத் தேடிப் போவதைப் பற்றியே இருந்தன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாகவே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: ஒக்ரோபர் கடைசி வாரத்தில் என் மைத்துனரைப் பிஜன் ஏரிக்கு அழைத்துச் செல்கிறேன். அவர் பாஸ் மீன் மட்டுமே பிடித்துப் பழகியவர். என்னிடம் கூடுதலாக உள்ள 8 அடித் தடியில் 1 முதல் 5 அவுன்ஸ் வரை வீசலாம் என்று எழுதியிருக்கிறது. அவருக்காக எந்த மூன்று போலி இரைகளை வாங்கலாம்? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: ஏரி, மாதம், தடியின் எடைத்தரம் ஆகிய மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். பத்துக் கடிதங்களில் ஒன்றில்தான் இவ்வளவு விவரம் இருக்கும்.

முதலாவதாக, துடுப்பு வால் கொண்ட 6 முதல் 8 அங்குல றப்பர் மீன் ஒன்றை, ஏறத்தாழ 3 அவுன்ஸ் எடையில் வாங்குங்கள். உடல் திரண்டு, எடை ஓரிடத்தில் குவிந்திருப்பதால் அது காற்றைக் கிழித்துக்கொண்டு கல்லைப் போலப் போகும். வீசிய பின் நேராகச் சுற்றினாலே வால் தன் வேலையைச் செய்துவிடும். குளிர்ந்த நீரில் மெதுவாகச் சுற்றினாலும் அது உயிருள்ளதாகவே தெரியும். நொடிக்கு ஓரடி இறங்கும் என்று வைத்துக்கொண்டு மைத்துனரை எண்ணச் சொல்லுங்கள். ஆழக் கணக்கு அவருக்கு அதற்குமேல் தேவையில்லை.

இரண்டாவது, 8ஆம் எண் சுழல் தகடுகளும் மயிர்க்கற்றை வாலும் கொண்ட பக்டெயில். தகடு சுழலும் அதிர்வு தடியின் பிடிவரை வருவதால், இரை ஒழுங்காக ஓடுகிறதா, பாசியில் சிக்கிவிட்டதா என்பதைப் புதியவர் கையாலேயே அறிந்துகொள்வார். 10ஆம் எண் இரட்டைத் தகடு வேண்டாம். அதை ஒரு நாள் முழுக்க இழுப்பது கிணற்றிலிருந்து வாளி இழுப்பதற்குச் சமம். மெப்ஸ் மஸ்கி கில்லர் நல்ல இரைதான் என்றாலும், அது முக்கால் அவுன்ஸ் எடையே உள்ளதால் உங்கள் தடிக்குக் காணாது.

மூன்றாவது, றப்பாலா நிறுவனத்தின் சூப்பர் ஷாட் றாப். நீளம் 14 சென்ரிமீற்றர், எடை 45 கிராம். சுற்றுவதை நிறுத்தினால் மேலே மிதந்து வந்துவிடும் என்பதே இதைத் தெரிவு செய்ததன் காரணம். றீலில் சிக்கு விழுந்து அவர் ஐந்து நிமிடம் அதைப் பிரித்துக்கொண்டிருந்தாலும், இரை அடிப்பாசிக்குள் புதையாமல் நீர்மட்டத்தில் காத்திருக்கும். பல்சா மரத்தாலான அகன்ற உடல் என்பதால் எதிர்காற்றில் தள்ளாடும். காற்று போகும் திசையிலேயே வீசச் சொல்லுங்கள்.

சூயிக் போன்ற, இழுத்து விட்டு இழுக்கும் மர இரைகளைப் பெட்டியிலேயே வையுங்கள். விஸ்கொன்சின் மாநிலத்தின் ஆன்டிகோ ஊரில் உருவான அந்த இரைக்கு எத்தனையோ பெரிய மீன்கள் விழுந்திருக்கின்றன. ஆனால் அதற்கு உயிர் கொடுப்பது வீசுபவரின் கைதான். பழகாத கையில் அது மிதக்கும் மரத்துண்டு.

புறப்படுவதற்கு முந்திய நாள், இரையின் தூண்டில் முட்களைக் கழற்றிவிட்டு ஒரு பூங்காவில் அரை மணி நேரம் வீசிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் பின்னால் பார்த்த பிறகே வீச வேண்டும் என்பதையும் அங்கேயே பழக்கிவிடுங்கள்.

கேள்வி: மஸ்கிக்கு மிகச் சிறந்த இரை எது? உடனே பதில் தேவை. (மிசிசாகா வாசகர்)

பதில்: எந்த ஏரி, எந்த மாதம், எந்தத் தடி, வீசப்போவது யார் என்று எதுவும் எழுதாமல் "சிறந்தது எது" என்று கேட்பது, நோய் என்னவென்று சொல்லாமல் மருந்துச் சீட்டுக் கேட்பதைப் போன்றது. விவரத்துடன் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: என் மனைவி ஐந்து முறை வீசினால் மூன்று முறை றீலில் குருவிக்கூடு போல நூல் சிக்கு விழுகிறது. இரையை மாற்றுவதா, றீலை மாற்றுவதா? (பீற்றர்பரோ வாசகர்)

பதில்: முதலில் அவர் என்ன இரை வீசுகிறார் என்று பாருங்கள். இரை காற்றில் வேகம் குறைந்த பின்னும் றீலின் நூல் உருளை பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருப்பதுதான் சிக்குக்குக் காரணம். முன்னால் நீட்டிய தகடாகிய அகன்ற உதடும் தட்டையான உடலும் மயிர்க்கற்றையும் உள்ள இரைகள் காற்றில் சட்டென்று வேகம் இழக்கும். எனவே அதே எடையில் திரட்சியான இரைக்கு மாறினால் பாதிச் சிக்கு தானாகவே போய்விடும்.

மீதிப் பாதி உருளையின் இறுக்கத்தில் இருக்கிறது. இரையைத் தடி நுனியில் தொங்கவிட்டு, உருளையிலிருந்து பெருவிரலை எடுங்கள். அது மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டவுடன் உருளை நின்றுவிட வேண்டும். இரை மாறும்போதெல்லாம் இதை மீண்டும் சரிபார்க்க வேண்டும். 3 அவுன்ஸ் இரைக்கு வைத்த இறுக்கம் ஒன்றரை அவுன்சுக்குப் பொருந்தாது. இரை நீரைத் தொடும் கணத்தில் பெருவிரல் உருளையின் மேல் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். சுண்டி எறியாமல், இரண்டு கைகளாலும் தடியைப் பிடித்து, மெதுவாக வளைத்து விடுவதே மஸ்கி வீச்சு.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கு விழுந்தால், வீசும்போது உருளை சுழலாத பெரிய ஸ்பின்னிங் றீல் ஒன்றைத் தயங்காமல் கொடுங்கள். 3 அவுன்ஸ் வரை அது தாங்கும். பழைய கைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிரெய்ட் என்ற பின்னிய நூல் சுட்டுவிரலை அறுக்காதபடி ஒரு விரலுறை மட்டும் அவசியம்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் பெரிய மீனுக்குப் பெரிய இரைதான் என்று எல்லோரும் சொல்வதால், நண்பருக்காக 16 அவுன்ஸ் றப்பர் இரை வாங்கினேன். ஒரு மணி நேரத்திலேயே கை வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். அவரை எப்படித் தயார்ப்படுத்துவது? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: தயாராக வேண்டியவர் நீங்கள். ஆண்டுக்கு நான்கு முறையாவது வரும் கடிதம் இது. ஒவ்வொரு முறையும் எனக்கு அதே கோபம்தான் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் முந்நூறு முறை வீசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இறாத்தல் இரையை முந்நூறு முறை எறிவது, 40 இறாத்தல் அரிசிப் பைகள் ஏழெட்டை ஒருவர் தம் தலைக்கு மேலாக வீசி, பிறகு நீருக்குள் இழுத்து வருவதற்குச் சமம். பழகிய தோளும், அதற்கென்றே செய்த 9 அடித் தடியும் உள்ளவருக்கே மாலையில் முதுகு பேசும். உங்கள் நண்பருக்கு என்ன தடி கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: உங்களுடைய பழைய தடி.

பெரிய இரை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மினசோட்டாவின் மில் லாக்ஸ், வெர்மிலியன் போன்ற ஏரிகளிலும், விஸ்கொன்சின் ஓரத்தில் உள்ள கிறீன் பே விரிகுடாவிலும் 50 அங்குலத்தைத் தாண்டிய மீன்கள், சிஸ்கோ மீனையும் அதன் உறவுகளையும் தின்று கொழுக்கின்றன. அங்கே பெரிய றப்பருக்குப் பொருள் உண்டு. பிஜன் ஏரி உள்ளிட்ட நம் ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி எண்ணிக்கையில் அதிகம், அளவில் சிறிது. 35 அங்குலம் வந்தாலே சராசரிக்குக் குறையாத மீன். அது தின்பதும் பெரும்பாலும் உள்ளங்கை அளவு பேர்ச் மீனைத்தான். பெரிய மீனே வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: 1988 ஒக்ரோபரில் ஜோர்ஜியன் விரிகுடாவில் கென் ஓபிறையன் பிடித்த, ஒன்ராறியோவின் சாதனையான 65 இறாத்தல் மஸ்கி கவ்வியது ஒரு சிறிய றப்பாலாவை.

இந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நவம்பர் முதல் வாரத்தில், ஒரு நண்பரை ரைஸ் ஏரிக்கு அழைத்துச் சென்றேன். நல்ல தடியை எனக்கு வைத்துக்கொண்டு, 7 அடிப் பழைய தடியில் என் பெட்டியிலேயே மிகப் பெரிய றப்பரைக் கட்டி அவரிடம் கொடுத்தேன். பதினைந்தாவது வீச்சோ இருபதாவதோ, உருளையில் சிக்கு விழுந்து நூல் நடுவானில் நின்றது. துப்பாக்கி வெடித்ததைப் போன்ற ஓசையுடன் நூல் அறுந்து, இரை மட்டும் தனியாகப் பறந்து போய் விழுந்தது. அவர் "ஒன்றுமில்லை" என்று சொல்லி, வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் தொடர்ந்து வீசிக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்து படகைக் கட்டும்போதுதான், பெருவிரல் நகத்தின் கீழ் நூல் இழுத்த கோடு கருநீலமாக இருப்பதைக் கண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னுடன் வரவில்லை. நானும் கூப்பிடக் கூச்சப்பட்டேன்.

ஆகவே, மீனின் வாயை அளந்து இரை வாங்குவதற்கு முன் தோழரின் மணிக்கட்டை அளந்து பாருங்கள். 3 அவுன்ஸ் இரையை ஆறு மணி நேரம் நீரில் வைத்திருப்பவருக்கே மீன் வாய்க்கும். ஒரு இறாத்தல் இரையை ஒரு மணி நேரம் வீசிவிட்டு உட்கார்ந்தவருக்கு வாய்ப்பது முதுகுவலிதான். நல்ல தடியை அவரிடம் கொடுங்கள். பழைய தடியை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் உங்களிடம் உண்டு. அந்த 16 அவுன்ஸ் இரையை நீங்களே வீசுங்கள். முதலில் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எடையில் மும்முனை முட்கள் தலையில் பட்டால் அன்றைய நாள் மருத்துவமனையில்தான் முடியும்.

கேள்வி: புதியவருக்கு எந்த நிறம் கொடுக்கலாம்? (மார்க்கம் வாசகர்)

பதில்: அவர் கண்ணுக்குத் தெரியும் நிறம். இரை படகை நெருங்குவதைப் பார்க்க முடிந்தால்தான் எட்டுப் போட, அதாவது படகோரத்தில் தடி நுனியால் இரையை 8 வடிவில் சுற்றத் தொடங்க வேண்டிய நேரம் அவருக்குத் தெரியும். செம்மஞ்சள் வாலோ வெள்ளை வயிறோ போதும்.

கேள்வி: நூலுக்கும் இரைக்கும் இடையே, பல் அறுக்காத லீடர் துண்டைக் கட்டினால் சிறிய இரையின் ஓட்டம் கெட்டுவிடுகிறது. 20 இறாத்தல் தங்கூசியில் நேரடியாகக் கட்டலாமா? (விற்பி வாசகர்)

பதில்: கூடாது. மஸ்கியின் பல் அதை நறுக்கிவிடும். உங்களுக்கு இரை போகும், மீனோ வாயில் முட்களுடன் அலையும். 80 இறாத்தல் பிரெய்ட், ஓரடிக்குக் குறையாத கம்பி லீடர் அல்லது 100 இறாத்தலுக்கு மேற்பட்ட புளோரோகார்பன் லீடர். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

கேள்வி: ஒவ்வொரு வீச்சிலும் அழுகிய பாசி மாட்டுகிறது. நண்பர் வீசும் நேரத்தைவிடப் பாசி எடுக்கும் நேரமே அதிகம். (ஒட்டாவா வாசகர்)

பதில்: ஒற்றை முள் கொண்ட ஸ்பின்னர்பெயிட்டுக்கு மாறுங்கள். அதன் கம்பி முள்ளுக்கு முன்னால் வளைந்து நின்று பாசியை விலக்கிவிடும், வீசவும் எளிது. 2 அவுன்ஸ் அளவில் வாங்கலாம். அதைவிட முக்கியம், இடத்தை மாற்றுவது. பழுப்பாகிச் சாய்ந்த பாசியை விட்டுவிட்டு, இன்னும் பச்சையாக நிற்கும் திட்டுகளைத் தேடுங்கள். சிறுமீன்கள் அங்கேதான் ஒதுங்கும். அவற்றைத் தேடி மஸ்கியும் அங்கேதான் வரும். பச்சைத் திட்டின் உள்ளே எறியாமல், அதன் விளிம்பை ஒட்டி இரை ஓடும்படி படகை நிறுத்துவது உங்கள் வேலை. புதியவர் சேர்ந்து வரும்போது பாதி மீனைப் பிடிப்பது படகு நிற்கும் கோணம்தான்; பின்னால் நிற்பவருக்கு நீங்கள் ஏற்கனவே வீசிய நீரையே மிச்சம் வைக்காதீர்கள்.

கேள்வி: என் மகளின் இரையைத் தொடர்ந்து ஒரு மீன் படகுவரை வந்தது. அவள் இரையை மேலே தூக்கிவிட்டாள். எட்டுப் போட எளிதான இரை உண்டா? (பிரம்ரன் வாசகர்)

பதில்: உண்டு. பக்டெயில், சிறிய றப்பர் மீன் இரண்டும் எட்டுப் போட எளிது. ஆழமாக இறங்கும் பெரிய உதடு இரையைப் படகோரத்தில் திருப்புவது சிரமம்.

ஆனால் குறை இரையில் இல்லை. லீடர் தடி நுனியில் முட்டும்வரை சுற்றினால் திருப்ப நூல் இருக்காது. லீடருக்கு மேல் ஓரடி நூல் எஞ்சும்போதே தடி நுனியை நீருக்குள் அமிழ்த்தச் சொல்லுங்கள். முதலில் எட்டுக்கூட வேண்டாம், அகலமான ஒரு நீள்வட்டம் போதும். பெரிய மீனால் குறுகலாகத் திரும்ப முடியாது. மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இதைச் செய்ய வேண்டும். மீனைக் கண்ட பிறகு செய்யலாம் என்று இருப்பவர்கள் அந்த நேரத்தில் கை நடுங்கி இரையைத் தூக்கிவிடுவார்கள். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களே தூக்கியிருக்கிறார்கள், மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: நவம்பரில் தடி வளையங்களில் பனிக்கட்டி பிடிக்கிறது. கம்பளிக் கையுறை போட்டால் முட்கள் அதில் மாட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது? (பரி வாசகர்)

பதில்: தடி நுனியை நீரில் அமிழ்த்தினால் வளையத்துப் பனி கரைந்துவிடும். ஒழுங்காக எட்டுப் போடுபவருக்கு அது தானாகவே நடக்கும். இரையைத் தொடும்போது கம்பளியைக் கழற்றுங்கள், வீசும்போது விரல் நுனி திறந்த கையுறை போடுங்கள். முள் கழற்ற நீண்ட குறடும், முள்ளையே வெட்டும் கட்டரும் இருவருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் மீனை வலைக்குள் நீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். படத்துக்காகத் தூக்கிப் பிடித்தால் அதன் கண்ணும் செவுளும் உறைந்துவிடும். அந்தக் குளிரில் உயிர்காப்பு அங்கியைப் படகின் பெட்டியில் வைத்திருப்பதில் பயனில்லை, இருவரும் அணிந்துகொள்ளுங்கள்.